எங்கள் ட்ரெயிலருக்குக் கமரா பூட்டினோம்

ஐம்பத்தெட்டு வயதில் என் கணவருக்கு ஒரு ட்ரெயிலர் வாங்கும் ஆசை வந்தது. பிக்கப்பின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, உள்ளே கட்டிலும் அடுப்பும் ஒரு ஆள் திரும்ப முடியாத கழிப்பறையும் உள்ள வண்டி. பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடமாக ஷிப்ட் மாறி மாறி வேலை செய்தவர். காட்டுக்குள் போய் நிம்மதியாக இருக்கப்போகிறோம் என்றார். நிம்மதிக்கு ஒரு குறைதான் இருந்தது. அவருக்கு அதைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது.

ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுப்பது லேசான வேலையில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும். முதல் கோடையில் காம்பிங் போன இடத்தில், நான் பின்னால் நின்று இரண்டு கைகளையும் வீசி வீசிக் காட்டினேன். நான் நின்ற இடம் அவருடைய பக்கக் கண்ணாடிகள் இரண்டிலும் தெரியவில்லை. நாற்பது நிமிடம் கழித்து ட்ரெயிலர் அங்கிருந்த மர மேசையோடு இருந்த, ஆட்கள் இருக்கும் வாங்கை முறித்துக்கொண்டு நின்றது. அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் நாங்கள் கதைக்கவில்லை.

ஒட்டாவாவில் இருக்கும் மகளுக்குச் செய்தி போனது. "அம்மா, சீரியஸா, ஒரு பாக்கப் கமரா வாங்குங்கோ. டிவோர்ஸ் லோயரை விட அது சீப்" என்றாள்.

அடுத்த மே மாதம், ஒரு சனிக்கிழமை, வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் வேலை தொடங்கியது. பூட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. ஆனால் இவர் ஐந்து வீடியோ பார்த்திருந்தார். ஐந்து வீடியோ பார்த்த மனிதரைக் கடைக்கு அனுப்ப யாராலும் முடியாது.

ட்ரெயிலரின் பின்பக்கம், உச்சியில், கமராவைப் பூட்ட வேண்டும். வயர் போக ஒரு துளை போட வேண்டும். அளந்தார். இறங்கி வந்து தள்ளி நின்று பார்த்தார். ஏறிப்போய்த் திரும்பவும் அளந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் ஏணி பிடிப்பது ஒரு முழுநேர உத்தியோகம். ட்ரில்லைக் கையில் எடுத்த பிறகும், "இதால தண்ணி ஒழுகினா?" என்று என்னைக் கேட்டார், துளை போடச் சொன்னதே நான் என்பது போல. கடைசியில் போட்டார். தண்ணீர் புகாமல் அடைக்கிற சிலிக்கன் பசை துளையில் கொஞ்சமும் அவர் சட்டையில் மிச்சமுமாகப் போனது.

பின்பக்கம் எரியும் சின்னச் சிவப்பு விளக்கின் வயரிலிருந்து கமராவுக்கு மின்சாரம் எடுத்தார். பிக்கப்பின் முன்னால் சின்னத் திரையை ஒட்டினார். திரையில் சிக்னல் இல்லை என்று வந்தது. கழற்றிப் பூட்டினார். இல்லை. இன்னும் ஒருமுறை கழற்றிப் பூட்டினார். இல்லை. மூன்றாம் தரம் அவர் ஏணியில் நிற்கும்போது, பெட்டிக்குள் இருந்த சிறு புத்தகத்தை நான் எடுத்து வாசித்தேன்.

"இஞ்சேருங்கோ, ஹெட்லைற்றைப் போட்டுப் பாருங்கோ."

"பட்டப்பகலில எதுக்கு ஹெட்லைற்?"

"அந்தச் சிவப்பு லைற் எரிஞ்சால்தானே அதுக்குக் கறண்ட் வரும்?"

போட்டார். திரையில் எங்கள் குப்பைத் தொட்டி பளிச்சென்று தெரிந்தது. "உதைத்தான் நான் அடுத்ததாச் செய்து பார்க்க இருந்தனான்" என்றார்.

பிறகு படத்தைச் சரிப்படுத்த வேண்டும் என்று ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு பிக்கப்புக்குள் இருந்துகொண்டார். என்னைப் பின்னால் போய் நின்று இடக்கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, "இடக்கை!" என்று கத்தினார். "இதுதான் இடக்கை!" என்று நானும் கத்தினேன். அவர் தன் கைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து, மாலைப் பூசைக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டு மன்னார் அக்கா வந்தார்.

"என்ன பிள்ளை, மனுசன் உன்னை இதில நட்டுவைச்சிட்டுப் போட்டாரோ?"

"கமராவுக்குப் படம் சரிக்கட்டுறாராம் அக்கா. அசையக் கூடாதாம்."

"நீதானே ஸ்கூல் பஸ் ஓடுறனீ? உன்னட்டைக் குடுத்தால் என்ன?"

எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. "அவருக்கு இடது எது வலது எது எண்டு இண்டைக்கும் தெரியாது அக்கா. மோதிரம் போட்ட கையைப் பாத்துத்தான் திரும்புறவர். என்னட்டைத் தந்தால் ரெண்டு நிமிசத்தில பின்னுக்கு எடுத்து விட்டிருவன். ஒரு நாள் கேட்டவரே?"

"உனக்கு உந்தக் காம்பிங் விருப்பமோ?"

"கடவுளே, அந்த மெத்தையில படுத்தால் முதுகு, நாரி எல்லாம் முறியுது. ஆனால் அக்கா, இவர் வீட்டில மூண்டு மணித்தியாலத்துக்கு மேல நித்திரை கொள்ளமாட்டார். ஷிப்ட் வேலையில பழுதாப்போன நித்திரை. ட்ரெயிலருக்குள்ள படுத்தால் மட்டும் காலமை எட்டு மணி வரைக்கும் குறட்டை. அதைக் கேக்கத்தான் நான் போறனான்."

அக்கா சிரித்துக்கொண்டு பூசைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இவர் இறங்கி வந்தார். "படம் நல்லா இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் விசித்திரமான காரியங்கள் நடந்தன. செவ்வாய்க்கிழமை எனக்குத் தேத்தண்ணீர் வந்தது. கேட்காமல், சீனி அளவாக. வியாழக்கிழமை ட்ரெயிலருக்கென்று தடிப்பான புது மெத்தை ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். அடுத்த சனிக்கிழமை பிக்கப்பின் திறப்பை என் கையில் வைத்து, "இந்த முறை நீரே வண்டியை ஓடும்" என்றார்.

முப்பத்தொரு வருடம் பழகிய மனிதர் திடீரென்று இப்படி நல்லவரானால் ஒரு பெண்ணுக்குப் பயம் வராதா? போன கிழமைதான் டாக்டரிடம் போய் வந்திருந்தார். அவருடைய ஜக்கற் பைகளைத் தேடிப் பார்த்தேன். ஒரு இனிப்புத் தாளும் இரண்டு ஸ்குரூவும் இருந்தன. மகளைக் கூப்பிட்டேன்.

"அப்பாவுக்கு ஏதும் வருத்தமோ? உனக்கு மட்டும் சொன்னவரோ?"

"அம்மா, அவர் நைஸா இருக்கிறார். தற்ஸ் நொட் எ டிசீஸ்."

ஜூலையில் புறப்பட்டோம். வடக்கே இரண்டு மணித்தியாலம் நானே ஓட்டினேன். இவர் பக்கத்தில் இருந்து ஒரு குற்றமும் சொல்லாமல் வந்தது என் பயத்தை இன்னும் கூட்டியது. எங்களுக்கான இடம் வந்ததும் இறங்கி ட்ரெயிலருக்குப் பின்னால் போய் நின்றார். அடுத்த இடத்தில் வோபர்னிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுக்காரர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வேடிக்கை பார்க்க வந்தார். மர நிழலில் திரை இருட்டாக இருந்தது. வெளிச்சத்தைக் கூட்ட ஒரு பொத்தானை நாலைந்து தரம் அமத்தினேன். வெளிச்சம் கூடவில்லை. திரைக்குள்ளிருந்து வோபர்ன்காரரின் குரல் வந்தது.

"அக்காவோ அண்ணை ஓடுறா?"

"ஓம். ஸ்கூல் பஸ் ஓடுறவ. அவவுக்கு உது தண்ணி பட்ட பாடு." என் கணவரின் குரல், பக்கத்து ஆசனத்திலிருந்து கதைப்பது போல.

"அப்ப காம்பிங்கும் நல்ல விருப்பம் போல."

"எங்க? அவவுக்கு நாரி நோகும். நான் குறட்டை விடுறதைக் கேக்கத்தான் வாறாவாம்."

"உதை உங்களிட்டையே சொன்னவவோ?"

"எனக்கு எங்க சொன்னவ? பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்னவ. உந்தக் கமராவுக்குக் காது இருக்கெண்டு ரெண்டு பேருக்கும் தெரியாது."

பிறேக்கை மிதித்தேன். இடது வலது தெரியாதவர் என்றது, மோதிரக் கை என்றது, எல்லாம் வரிசையாக நினைவில் வந்தன. இரண்டு நிமிடத்தில் எடுத்து விடுவேன் என்றதும் வந்தது. அந்தப் படபடப்பில் ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பி, ட்ரெயிலரைத் தண்ணீர்க் குழாய்க்கு நேரே கொண்டுபோனேன். முன்னுக்கு எடுத்துத் திரும்பவும் விட்டேன். கோணல். மூன்றாம் தரம்தான் நேராக நின்றது. இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

வோபர்ன்காரர் போன பிறகு, சில்லுகளுக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"கமராவுக்குக் காது இருக்கெண்டு எப்ப தெரியும்?"

"முதல் நாளே."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் ஏன் எனக்கு நாரி நோகுதெண்டு சொல்லேல்லை?"

மகளுக்குச் சொல்லியிருந்தேன். பஸ் ஓடும் சிநேகிதிகளுக்குச் சொல்லியிருந்தேன். அக்காவுக்குச் சொன்னதைக் கமராவே கேட்டிருந்தது. அந்த மெத்தையில் என் பக்கத்தில் படுப்பவருக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தால் உடன ட்ரெயிலரை வித்திருப்பியள்" என்றேன்.

கையிலிருந்த கட்டையைச் சில்லோடு தள்ளினார். "ஓம், வித்திருப்பன்" என்றார். "பிறகு வீட்டில ரெண்டு பேரும் முழிச்சுக்கொண்டு இருந்திருப்பம்." பிறகு அடுத்த சில்லுக்குப் போனார். நான் கட்டைகளை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுப்பது நான்தான். அவர் பின்னால் நிற்கிறார். கை வீசுவதில்லை, கத்துவதில்லை. கமராவைப் பார்த்துச் சாதாரணமாகக் கதைக்கிறார். "இன்னும் ரெண்டு அடி. கொஞ்சம் உந்தப் பக்கம். இல்லை, மற்றப் பக்கம்." சில வேளைகளில் தேவைக்கு மேலேயே கதைக்கிறார். போன முறை, பாதி வழியில், "நில்லும், நில்லும், இஞ்ச ஒரு அணில் நிக்குது" என்றார். திரையில் எனக்கு அணில் தெரியவில்லை. ஆனாலும் பிறேக்கில் காலை வைத்துக்கொண்டு, அது போய்விட்டது என்று அவர் சொல்லும் வரைக்கும் காத்திருந்தேன்.