ஒன்பது செம்புத் துண்டுகள்

என் மனைவி ஜெரூஷாவிடம் பழுதான சர்க்யூட் போர்டைக் கொடுத்துவிட்டு, "எப்போ கிடைக்கும்?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அவள் வாயிலிருந்து நேரமோ தேதியோ வராது. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்பாள். கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் அவள் அதிகம் சொன்ன வாக்கியமும் அதுதான்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் கடை. அதற்கு முன் பதினொரு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் இருந்தாள். தப்பாகிப் போன போர்டிலிருந்து கெட்ட பாகத்தை மட்டும் கழற்றிப் புதிது வைக்கும் மேஜை அவளுடையது. கம்பெனியை மூடினார்கள். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் புலம்பினேன். அவள் கைக்கு வந்த பணத்தில் ஒரு சூட்டுக்காற்று மெஷினும் பழைய மைக்ராஸ்கோப்பும் வாங்கி வந்து, சோபாவை நகர்த்திவிட்டு மேஜையைப் போட்டாள். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காகக் காலம் தள்ளும் எனக்கு அந்தத் துணிச்சல் சத்தியமாக வராது.

இந்த வேலையில் பொருத்துவது சுலபம், கழற்றுவதுதான் கஷ்டம் என்பாள். பாகத்தின் காலைப் போர்டோடு பற்றவைக்கும் சால்டரில் அந்தக் காலத்தில் ஈயம் இருந்தது, சீக்கிரம் உருகும். இப்போது வருகிற போர்டுகளில் ஈயம் கிடையாது. அது உருக இன்னும் முப்பது நாற்பது டிகிரி வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் பாகத்தின் காலோடு, அது உட்கார்ந்திருக்கும் செம்புப் பொட்டும் பிய்ந்துகொண்டு வந்துவிடும். பொட்டு போனால் போர்டு போச்சு. அதனால் முதலில் போர்டை அடியிலிருந்து மெல்லச் சூடாக்குவாள். பிறகு பிஸ்மத் என்ற உலோகம் கலந்த கம்பியைக் கால்களில் உருக்கிவிடுவாள். பிஸ்மத் சேர்ந்தால் எந்த முரட்டுச் சால்டரும் கொஞ்சம் சூட்டிலேயே இளகிவிடும். பாகம் தானாக அசையும்வரை காத்திருந்து ட்வீசரால் தூக்குவாள். இழுக்கவே மாட்டாள்.

அதற்குப் பிறகுதான் விஷயம். புதுப் பாகத்தை ஈயம் கலந்த சால்டரால் வைப்பாள். பிஸ்மத்துக்கும் ஈயத்துக்கும் ஆகாது. மிச்சமிருக்கிற பிஸ்மத் ஈயத்தோடு கலந்தால், கொதிக்கிற தண்ணீரின் சூட்டிலேயே குழைந்துவிடும். மெஷின் மணிக்கணக்கில் ஓடிச் சூடேறினால் கால் கழன்றுவிடும். ஆகவே பொட்டின் மேல் புதுச் சால்டரை உருக்கி, செம்புப் பின்னலை வைத்து உறிஞ்சி எடுப்பாள். ஒரு காலுக்கு மூன்று தடவை. "அரிசிக்கு மூணு தண்ணி மாதிரி" என்பாள். ஒவ்வொரு தடவையும் உறிஞ்சின பின்னல் நுனியை வெட்டி மேஜை ஓரத்தில் வரிசையாக வைத்து, வேலை முடிந்ததும் எண்ணுவாள். நகைக்கடையில்கூட இப்படி எண்ண மாட்டார்கள் என்று நான் கிண்டல் செய்வேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கீழ்க்கட்டளை குப்புராஜ் ஆட்டோவில் ஒரு ஆக்சிஜன் மெஷினோடு வந்து இறங்கினார். அந்த ஊரில் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது நிலமெல்லாம் வாடகை வீடு. அவர் மனைவி கங்கையம்மாளுக்கு நுரையீரல் கெட்டுப்போய், இரவும் பகலும் அந்த மெஷின் தரும் காற்றில்தான் மூச்சு.

"கம்பெனிக்காரன் புது போர்டு வர ரெண்டு வாரம் ஆவும்ன்றான். சிலிண்டரு ஒண்ணு ஆறு மணி நேரம்தான் வருது. பேஜாரா கீதும்மா" என்றார்.

ஜெரூஷா திறந்து பார்த்தாள். மூன்று கால் உள்ள ஒரு பாகம் கருகியிருந்தது. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். அவர் நாற்காலியில் உட்காராமல் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தார். நடுவில் பத்து நிமிஷம் கரண்ட் போய் வந்தது. இரண்டு மணிக்குள் பாகத்தை மாற்றி, அரை மணி நேரம் ஓட்டியும் காட்டினாள். குப்புராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினைத் தூக்கிப் போனார்.

நான்கு மணிக்கு நான் டீ போட்டு எடுத்துப் போனபோது அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"மூணு கால். ஒம்பது துண்டு இருக்கணும். ஏழுதான் இருக்கு. அவர் தவிச்சதைப் பார்த்துட்டு எண்ணாமலே மூடிட்டேன்."

ஃபேன் காற்றில் பறந்திருக்கும் என்றேன். இருவரும் தரையைக் கூட்டினோம். மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

"கரண்ட் போனப்போ கடைசிக் கால்ல இருந்தேன். ஒரு தண்ணிதான் ஆகியிருந்துச்சு. கரண்ட் வந்ததும் முடிச்சுட்டதா நினைச்சுட்டேன்."

"மெஷின் ஓடுது இல்ல? விட்டுடு" என்றேன். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே. நீயே போய்த் தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னா, நாளைக்கு யார் உன்கிட்ட போர்டு கொடுப்பா?"

அவள் கோபப்படவில்லை. "விடியக்காலைல நின்னுபோச்சுன்னா, அவர் எழுந்து சிலிண்டர் மாட்டுறவரைக்கும் அந்தக்கா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டு, சாமான்களைப் பையில் எடுத்து வைத்தாள். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் ஸ்கூட்டரை எடுத்தேன்.

நெமிலிச்சேரி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் சீராக இரைந்துகொண்டிருந்தது. கங்கையம்மாள் மூக்கில் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயதுதான். நான்கு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும்.

ஜெரூஷா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, நான் ஒரு கால்ல தப்புப் பண்ணியிருக்கேன்னு நினைக்கிறேன். மெஷினை நிறுத்தித் திரும்பத் திறக்கணும்."

குப்புராஜ் முகம் மாறிவிட்டது. "நல்லா ஓடிகினு கீதேம்மா. இன்னாத்துக்குத் தொறக்கணும்? தொறந்து வேற இன்னானா ஆச்சுன்னா? வூட்ல ஒரே சிலிண்டரு கீது."

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அவளும் எதிர்பார்த்திருக்கிறாள். கிளம்புவதற்கு முன்பே பிஸ்மத் கம்பியையும் ஈயச் சால்டரையும் உருக்கிக் கலந்து, மிளகு அளவில் ஒரு மணி செய்து கொண்டுவந்திருந்தாள். கூடவே ஒரு பழைய தகர டப்பா. "ஈயம் இருக்கு, உங்க பாத்திரம் வேணாம்" என்று சொல்லி, டப்பாவில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, கொதித்ததும் மணியைப் போட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு குச்சியால் அழுத்தினாள். மணி வெண்ணெய் மாதிரி நசுங்கிப் பரவியது.

"கால் இதுலதான் நிக்குதுண்ணா. அது எவ்வளவு சூடாகும்னு மெஷினுக்குப் பின்னாடி கை வெச்சுப் பாருங்க."

அவர் கை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். சிலிண்டரை உருட்டி வந்து குழாயை மாற்றினார். மெஷினை அவரே அணைத்தார்.

சாப்பாட்டு மேஜையில் வேலை நடந்தது. முதலில் சூட்டுக்காற்றை, நல்ல சால்டர் உருகாத நூற்றி முப்பது டிகிரியில் வைத்து மூன்று கால்களையும் சூடாக்கினாள். ட்வீசர் நுனியால் தொட்டாள். இரண்டு கால் அசையவில்லை. மூன்றாவது, சொன்னதைக் கேட்கிற பிள்ளை மாதிரி, பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

அந்த ஒரு காலோடு விடாமல் மூன்றையும் கழற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். குப்புராஜ் சிலிண்டர் முள்ளையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவள் கை ஒரே வேகத்தில்தான் போயிற்று. பொட்டு எதுவும் பெயரவில்லை. முக்கால் மணி நேரத்தில் பாகம் திரும்ப உட்கார்ந்தது.

மூடுவதற்கு முன், வெட்டிய பின்னல் நுனிகளை ஒரு தட்டில் பரப்பிக் கட்டிலுக்கு எடுத்துப் போனாள். "அக்கா, ஒம்பது இருக்கணும். நான் எண்ணிட்டேன். நீங்களும் ஒரு தரம் எண்ணிப் பாருங்க."

"குடும்மா, நான் எண்றேன்" என்றார் குப்புராஜ்.

"மூச்சு என்னுது" என்றார் கங்கையம்மாள்.

விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். நான்கில் நிறுத்தி மூச்சு வாங்கினார். மறுபடி ஐந்து, ஆறு, ஏழு. ஏழில் நின்றுவிட்டார். நெஞ்சு ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு காற்றுக்காகக் காத்திருந்தார். "விட்டுடு" என்று வீட்டில் நான் சொன்னது அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது.

"எட்டு, ஒம்போது" என்றார். "மூடும்மா."