கருவிக்கு வைத்த சந்தனம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையின் பின்கட்டில் வேலை செய்தேன். கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் கைக்கருவி ஒன்றை எங்கள் இன்ஜினியர் அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளம், விபத்து என்றால் மக்களைக் காக்க ஓடும் பொதுத் தற்காப்புப் படைக்கு அதைச் செய்து கொடுக்க அரசாங்க வேலையையே விட்டவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற எனக்குச் சாலிடர் வைப்பது மட்டும் நன்றாக வரும். மற்றதற்கு மேலே முருகன் இருக்கிறான்.

கருவியின் முனையில் ஒரு வட்டக் கண் உண்டு. வெங்காயத் தோலைவிட மெல்லிய மைக்காத் தகடு; தடித்தால் கதிர் நுழையாது. அதன் வழியாகக் கதிர் உள்ளே போனால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். சோதிப்பதற்கு ஆமாங் வைத்திருந்தோம். சுரங்க மணலில் வெள்ளீயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணல். இயற்கையாகவே அதில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும். தட்டில் கொட்டிக் கருவியைக் காட்டினால் சட்டியில் பொரி வெடிப்பதுபோல் கேட்கும்.

படை அதிகாரி மாதிரிக் கருவியைப் பார்க்க வரும் நாளுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. இன்ஜினியருக்குச் சாமியிடம் அத்தனை ஒட்டுதல் இல்லை. சுண்டலிடம் உண்டு. "ரெண்டு பொட்டலமாக் கட்டி வையும் காணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

குறடு, சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கருவிக்கு எங்கே வைப்பது? முகத்தில்தானே பொட்டு வைக்க வேண்டும்? அதற்கு முகம் என்றால் அந்த வட்டக் கண்தான். விரல் பட்டால் உடையும் என்று தெரியும். ஆகையால் பஞ்சில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வட்டம் முழுக்கத் தாராளமாகவே பூசினேன். "பாஸாக்கி விடப்பா" என்று சூடம் காட்டி, மூடியைப் போட்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் அதிகாரி வந்தார், பெரிய மீசைக்கார மலாய்க்காரர். இன்ஜினியர் மூடியைக் கழற்றி, கண் கீழே பார்க்கும்படி ஆமாங் மேல் பிடித்தார். டிக். வெகுநேரம் கழித்து இன்னொரு டிக். பேட்டரியை மாற்றினார். அதே கதை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று வருட உழைப்பு. இன்ஜினியரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "சார்... நேத்து சாமி கும்பிட்டப்ப சந்தனம் வெச்சேன்."

"எங்க வச்சனீர்?"

"கண்ணுலதான்லா சார். கொஞ்சம் தாராளமா."

கருவியைத் திருப்பிப் பார்த்தார். "ஐயோ! இது கருவியோ, கல்யாண மாப்பிள்ளையோ காணும்?"

தகடு உடைந்தால் எல்லாம் முடிந்தது. ஈரப் பஞ்சை எடுத்து, சாமி பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஒற்றி ஒற்றி எடுத்தேன். மறுபடி ஆமாங் மேல் பிடித்ததும் பொரி வெடித்தது.

ஆனாலும் அதிகாரி ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடவில்லை. "வெள்ளத்தில் சேறு ஒட்டினால் இவரும் பஞ்சோடு கூட வருவாரா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். கண்ணுக்குக் கழற்றி மாற்றுகிற மாதிரி ஓர் உறை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அவர் போன பிறகு இன்ஜினியர் நாற்காலியை எனக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். இரண்டு பொட்டலச் சுண்டலையும் தின்று முடித்தார்.

சோற்றுப் பொட்டலம் மடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை வளையத்தில் இழுத்துக் கட்டிக் கட்டிப் பார்த்தோம். சில கிழிந்தன, சில தொங்கின. கடைசியில் ஒன்று நின்றது; அதேபோல் இன்னும் சில செய்துகொண்டோம். இரண்டாம் தடவை வந்த அதிகாரி, வாசல் சாக்கடையோரத்துச் சேற்றைத் தன் கையாலேயே அதில் அப்பினார். நான் உறையை உரித்துப் புதியதை மாட்டினேன். ஆமாங் மேல் பிடித்ததும் படபடவென்று வெடித்தது. பேனாவை எடுத்துவிட்டார்.

அவர் வண்டி கிளம்பியதும் இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "உம்மட முருகன் கெட்டிக்காரன்தான் காணும். ஆனா அடுத்த முறை என்னட்டயும் ஒரு சொல்லுக் கேட்டுட்டுச் செய்யச் சொல்லும்."

"சொல்றேன் சார்" என்றேன். அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்ச் சொல்லியும் விட்டேன்.