சூலத்தில் மாட்டிய வளையல்கள்

அம்மனை நம்பும் சொந்தங்களே, இதை எழுதும்போது என் இரண்டு கையிலும் வளையல் இருக்கிறது. போன ஐப்பசியில் ஒரு நாள் இந்தக் கைகள் மூளியாக இருந்தன. கட்டின புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்ட, நான் வெறுங்கையோடு மலைச்சாலையில் போனேன். அவ்வளவு ஆத்திரம். இன்றைக்கும் அது முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாமி விஷயத்தில் பொய் எழுதக் கூடாது.

என் பெயர் சரோஜா, ஊர் கணியம்பாடி. வீட்டுக்காரர் தணிகாசலம், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பின்பக்கம் கதவு வைத்த சின்ன கக்கூஸ் என்று அவரே பார்த்துப் பார்த்துச் செய்தார். ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் பழைய ஆசை. முதல் பயணம் ஜவ்வாது மலை.

மலைக்குப் போனதற்குக் காரணம் பவித்ரா. என் மூத்த ஓரகத்தி விமலா அக்காவின் ஒரே மகள். அக்கா மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்த வருஷம் முழுக்க அந்தக் குழந்தை என் இடுப்பில்தான் இருந்தது. ஜமுனாமரத்தூரில் வேலை பார்க்கும் வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் மாதம், மாப்பிள்ளை வீட்டிலேயே வளைகாப்பு. அமிர்தி அருவியில் குளித்து, வழியெல்லாம் சாமை வயலைப் பார்த்து, ஏரியில் படகு விட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். விடிந்ததும் வண்டியிலேயே புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் கிளறினேன். பவித்ராவுக்கு என் புளி சாதம் என்றால் உயிர்.

தூக்குகளைக் கொண்டுபோய் வைத்தேன். விமலா அக்கா எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டாள்.

"கக்கூஸ் பக்கத்துல ஆக்கன சோறா சரோஜா? அத்த யாரு துன்னுவாங்க? அந்தாண்ட வை."

நாலு பேர் சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டேன். பவித்ராவுக்கு நலங்கு வைக்க நான் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ வேணாம்மா. நல்லபடியா பெத்துப் பொழைக்க வேண்டிய பொண்ணு. உன் கை எதுக்கு?"

பவித்ரா "அம்மா!" என்று கத்தினாள். வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் கொடுத்த அக்கா என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் தூக்குகளை எடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன். அழவில்லை.

வீட்டுக்காரர் என் மனசை ஆற்ற பீமன் அருவிக்கு அழைத்துப் போனார். மழைத் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. எனக்கு எதுவும் ஏறவில்லை. திரும்பும் வழியில் மரத்தடியில் ஒரு காளியம்மன் இருந்தாள். கூரை இல்லை, ஒரு கல்லும் ஒரு சூலமும்தான். வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய், கையிலிருந்த கண்ணாடி வளையல் அத்தனையையும் கழற்றிச் சூலத்தில் மாட்டினேன்.

"தாயே, என் வண்டியைக் கேவலமா பேசினவளை அதே வண்டி வாசல்ல கொண்டாந்து நிறுத்து. கெஞ்ச வை. என்னை ஒதுக்கின அந்தக் கையால அவளே எனக்கு வளையல் போடணும். அதுவரைக்கும் என் கைக்கு வளையல் வேணாம்."

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாடி பண்ற? நான் உசுரோடதானே இருக்கேன்!" என்றார். பூசைப் பையிலிருந்து மஞ்சள் கயிறு எடுத்து அவரே என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். அதன்பின் வண்டியை நத்தை மாதிரி ஓட்டினார், பாவம்.

போளூர்ப் பக்கம் இறங்கும் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் கார் ஒன்று நின்றிருந்தது. மேலேயிருந்து உருண்ட பாறையில் ஏறி, அடியில் ஆயில் சேம்பர் உடைந்து, எண்ணெய் சாலையெல்லாம் ஓடியிருந்தது. டிரைவர் ஆள் தேடி இறங்கிப் போயிருந்தார். போனில் சிக்னல் இல்லை. காருக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றவள் விமலா அக்கா. மகளைத் தாய்வீட்டுக்குக் கலசப்பாக்கம் அழைத்துப் போகிறாள். மூத்தார் பாத்திரங்களோடு முன்னாலேயே இறங்கிவிட்டார்.

சொந்தங்களே, அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. மறைக்கவில்லை. காளி அரை நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லையே என்று மயிர்க்கூச்செறிந்தது. நான் கதவைத் திறந்து, இறங்காமல் நின்றேன்.

"சரோஜா, பவிக்கு வலி எடுத்துடுச்சி. வண்டில ஏத்திக்கோ."

"எது, இந்த வண்டியிலயாக்கா?"

அவள் கை கூப்பினாள். கூப்பட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் காருக்குள்ளிருந்து பவித்ரா "சித்தீ" என்று கத்தினாள். என் இனிப்பெல்லாம் அந்தச் சத்தத்தில் போய்விட்டது. பாவி, அக்காவைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன், பிள்ளைத்தாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேனே!

நானும் வீட்டுக்காரரும் அவளைத் தாங்கிக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தோம். பனிக்குடம் உடைந்திருந்தது. கை சில்லிட்டுக் கிடந்தது. அவள் என் விரலை விடவே இல்லை. நான் கண்ணை மூடி, "தாயே, நான் கேட்டதையெல்லாம் திருப்பி வாங்கிக்கோ. என் கை கடைசிவரைக்கும் மூளியா இருக்கட்டும். இந்த ரெண்டு உசுரையும் குடு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரர் ஒரு வளைவில்கூடக் குலுங்க விடவில்லை.

நடுவில் அக்கா நெளிந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருக்கிறாள். பின்பக்கக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரோஜா... அந்த... போலாமா?"

"எங்கக்கா?"

"கக்கூஸுக்குத்தான்டி!"

வலிக்கு நடுவிலும் பவித்ரா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. "போய்ட்டு வாக்கா. தண்ணி நெறைய ஊத்து" என்றேன்.

அடிவாரம் வந்து, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழந்தை கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டரம்மா. ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துதான் நான் அழுதேன்.

நர்ஸ், பவித்ராவின் வளைகாப்பு வளையல்களைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து அக்காவிடம் கொடுத்தார். பிரசவம் பார்த்தவளுக்கு அந்த வளையல்களைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா அவற்றை டாக்டரம்மாவிடம் நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே, "படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்களே, அவங்களுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் சபதம் அவருக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்கும் தெரியாது.

அக்கா என் முன்னால் வந்து நின்றாள். மஞ்சள் கயிறு மட்டும் இருந்த மணிக்கட்டைப் பார்த்தாள். காலையில் என்னைத் தாண்டிப் போனது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "கைய குடு சரோஜா" என்றாள். கொடுத்தேன். திருப்பி வாங்கிக்கொள் என்று நான் சொல்லியும் காளி வாங்கிக்கொள்ளவில்லை. பவித்ரா கை ஒல்லி, என் கை பெருத்த கை. நான் விரலைக் குவித்திருந்தால் வளையல் சுலபமாக ஏறியிருக்கும். குவிக்கவில்லை. படட்டும் என்று விறைப்பாகவே வைத்திருந்தேன். அவள் சோப்பு வாங்கி வந்து, தடவித் தடவி, கண்ணீரோடு ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்றுகூட உடையவில்லை.

இப்போது அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் வண்டியில்தான் சாப்பிடுகிறாள். பேரனை முதலில் என் மடியில்தான் போடுகிறாள். நான் மறந்துவிடவில்லை. ஆனால் கோபத்தோடு கோயிலுக்குப் போகும்போது, முதலில் மற்றவர்கள் சுகத்தைக் கேட்டுவிட்டு அப்புறம்தான் என் வழக்கைச் சொல்கிறேன். உங்களுக்கும் யார் மேலாவது ஆத்திரம் இருக்கிறதா? மனிதரிடம் காட்டாதீர்கள், அம்மனிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். கட்டாயம் கேட்பாள்.

தை பிறந்ததும் நன்றி சொல்ல மறுபடி மலைக்குப் போனோம். சூலத்தில் என் வளையல்கள் அப்படியே இருந்தன. பக்கத்தில் புதிதாக யாரோ ஒருத்தியுடைய வளையல்கள், பச்சை நிறத்தில். எந்த ஊர்க்காரியோ, யார் மேல் என்ன ஆத்திரமோ. அவளுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். தாயே, அவள் கேட்டதைக் கொடு. அவள் சொல்ல மறந்தவர்களைக் காப்பாற்று.