சமமாக நின்ற இரண்டு கோபுரங்கள்

அறுநூறு வருடப் பழமையான நெதர்லாந்து நகர வாசல் ஒன்றை ஷார்ஜா தொழிற்பேட்டையில் நாற்பதே நாளில் கட்டியவர் செல்வநாயகம். துபாய்க் கண்காட்சியில் மூன்று மாதம் நிற்கவேண்டிய ஃபைபர் நகல். அசலை அவர் பார்த்ததில்லை. குளச்சலில் இருபது வருடம் படகு கட்டியவர். வரைபடத்தைவிடத் தன் கண்ணை நம்புவார்.

வேலைக்கு ஒப்புதல் கிடைத்தால்தான் லீவு. வெள்ளிக்கிழமை விமானம், ஞாயிற்றுக்கிழமை மகள் சுபிஷாவுக்கு நிச்சயதார்த்தம்.

வாசலின் இரு கோபுரங்களில் இடதுபக்கத்தது ஒரு முழம் அதிகப் பருமன் என்றது வரைபடம். ஒரு பக்கம் தடித்த படகு தண்ணீரில் சாய்ந்துவிடும். வரைந்தவருக்குக் கை வழுக்கிவிட்டது என்று முடிவுகட்டி, செல்வநாயகம் பெருந்தன்மையோடு திருத்தினார். இரண்டும் ஒரே அளவாயின.

திங்கட்கிழமை பார்வையிட வந்த நெதர்லாந்துப் பெண்மணி டேப்பை வைத்து அளந்துவிட்டு வரலாறு சொன்னார். முதலில் எழுந்தது இடது கோபுரம். பீரங்கிக்குப் பயந்து தடிமனாகக் கட்டினார்களாம். எழுபது வருடம் கழித்து வலதைக் கட்டும்போது பயமும் குறைந்திருந்தது, செங்கல்லும் குறைந்திருந்தது. பிற்பாடு ஊர் மதிலை இடித்தவர்கள் வாசலை மட்டும் விட்டார்கள். மரியாதையினால் அல்ல, சிறை அதற்குள் இருந்தது, கைதிகளுக்கு வேறு இடமில்லை. அந்தக் கோணல்தான் வாசலுக்கு அடையாளம், வியாழனுக்குள் சரியாக வேண்டும் என்று சொல்லிப் போனார்.

"டிக்கெட்ட மாத்திருங்கண்ணே," என்றார் ஃபோர்மேன் கௌஸ் முகைதீன்.

"எதுக்கு பாய்? மெலிய வைக்கச் சொன்னாத்தான் பாடு. தடிக்க வைக்கதுக்கு மூணு நாள் தாராளம்."

"தப்பையும் செஞ்சிட்டு பேச்சப் பாரு."

"தப்பு செஞ்சது அந்த ஊர்க்காரன் பாய். இப்ப அதையே நானும் செய்யப்போறேன், அவ்வளவுதான்."

இடது கோபுரத்தைச் சுற்றித் தெர்மோகோல் ஒட்டி, அதன்மேல் செங்கல் வரி பதித்த ஃபைபர் தகடுகளைப் பொருத்தினார். புதன் மாலை வண்ணமும் அடித்தாயிற்று. வியாழன் காலை அந்தப் பெண்மணி மூன்று இடத்தில் அளந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் கையெழுத்திட்டார். கௌஸ் லீவுத் தாளில் தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினார்.

செல்வநாயகம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலைத் தள்ளி நின்று பார்த்தார்.

"என்ன சொன்னாலும் நான் முதல்ல செஞ்சதுதான் பாய் அழகு."

"கலாஸ், முடிஞ்சுது, கிளம்புங்கண்ணே. அந்தம்மா காதுல விழுந்திரப்போவுது."