செருப்பு ரப்பரில் செய்த எலி

ஏலத்தோட்டத்தில் மருந்தடித்து மருந்தடித்து நெஞ்சு இழுக்க ஆரம்பித்த பிறகு, போடியில் வீட்டோடு உட்கார்ந்து எலி செய்யத் தொடங்கினேன். சிரிக்காதீர்கள். என் மனைவி ஏற்கெனவே சிரித்துவிட்டாள்.

மலைமேல் எங்கள் பழைய முதலாளிக்கு ஒரு பங்களாவும் ஏரியும் உண்டு. ஏரியில் ட்ரவுட் மீன். தங்க வருகிறவர்கள் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள். பிடித்ததை முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப விட்டுவிடுவார்கள். அதில் பெரிய மீன், பொழுது சாயும்போது தண்ணீர்மேல் நீந்துகிற எலியைத்தான் அடிக்குமாம்.

"பொய்யெலி கட்டிக் குடுத்து, கெஸ்ட்டு கூடவே நிக்க ஒரு ஆள் வேணுமாம் மச்சான்" என்றான் ஜீப் ஓட்டுகிற என் மனைவியின் தம்பி.

முதுகில் மருந்து டின் இல்லாமல் மலையில் ஒரு வேலை! கேட்டதுமே எனக்கு மூச்சு சீராகிவிட்டது.

வீடியோ பார்த்துக் கற்றேன். மான்முடி வேண்டும் என்றார்கள். மான்மேல் கை வைத்தால் வனத்துறை என்மேல் கை வைக்கும். கறிக்கடை ஆட்டுமுடியைத் தூண்டில் முள்ளில் நூலால் இறுக்கிக் கட்டி, எலிபோலக் கத்தரித்து, அண்டாத் தண்ணீரில் விட்டேன். கல்லாட்டம் மூழ்கியது. பிறகு என் ரப்பர் செருப்பை அறுத்து உடம்பாக வைத்து, அதன்மேல் முடி கட்டினேன். மிதந்தது. வாலுக்கு என் பெல்ட்.

"இருக்கிற எலிய வெரட்ட வக்கில்ல, புதுசா வேற பெத்துப் போடுறீகளாக்கும்?" என்றாள் மனைவி.

வேலைக்கு என்னையும் எலியையும் சோதித்துப் பார்த்த நாளன்று ஏரிக்கரையில் ஒரு சென்னை விருந்தாளி, முதலாளி, நான். விருந்தாளி வீசினார். என் எலி தண்ணீரைக் கீறிக்கொண்டு நீந்தி வந்தது. செய்த எனக்கே அடிக்கத் தோன்றியது. படாரென்று ஒரு மீன் எழும்பி அடித்தது.

"சுண்டுங்க சார், சுண்டுங்க!"

கத்தியது நான்தான். கண்மாயில் கெண்டை பிடித்து வளர்ந்த வாய். அங்கே தக்கை அமுங்கியதும் தூண்டிலை வெடுக்கென்று சுண்டி இழுக்காவிட்டால் புழுவும் போச்சு, மீனும் போச்சு. ட்ரவுட் முதல் அடியில் எலியை மயக்கும். திரும்பி வந்துதான் விழுங்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டும். வீடியோவில் அதையும்தான் சொன்னார்கள். விருந்தாளி சுண்டினார். எலி பறந்து வந்து முதலாளியின் தொப்பியில் மாட்டியது.

பிரித்தெடுத்து மறுபடி வீசினார். மறுபடி அடித்தது. நான் வாயை இறுக மூடிக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் "சுண்டுங்க!" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதேதான். அதற்குமேல் அந்த மீன் எங்களை மதிக்கவில்லை.

முதலாளி எலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி அருமையா இருக்குப்பா. நெறயக் கட்டி ஜீப்புல குடுத்து விடு. நீ மேல வந்து அலையாத, மூச்சு வாங்குதுல்ல."

இப்போது ஏரிக்கரையில் கெஸ்ட்டுகளோடு நிற்பது என் மனைவியின் தம்பி. அவனுக்கு எலியும் கட்டத் தெரியாது, மீனும் தெரியாது. வாயைத் திறக்க மாட்டான். அதனாலேயே எல்லோருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. எலி வாங்க வரும்போதெல்லாம் கையை விரித்து நீளம் காட்டுகிறான்.

"நேத்து ஒண்ணு அடிச்சுச்சு மச்சான், யாத்தே!"

"நீ என்ன செஞ்ச மாப்ளே?"

"என்னத்தச் செய்ய? சும்மா நின்னேன்."

சாயங்காலம் அந்த ஏரிமேல் பனி இறங்கும்போது எப்படி இருக்கிறது என்று அவன் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.