மினியின் சொந்தக்காரி

அந்தக் கார் என்னுடையது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கால் நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட, சிட்னியில் எங்களைத் தெரிந்த தமிழர் எல்லோரும் அதை என் கணவரின் கார் என்றே சொல்லிவந்தார்கள். கல்யாண மண்டபத்துக்கு முன்னாலோ பென்டில் ஹில் பலசரக்குக் கடைக்கு முன்னாலோ அதைக் கண்டால், "அண்ணையின்ர கார் நிக்குது, அண்ணை உள்ளுக்க நிக்கிறார்" என்பார்கள். அண்ணைக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அவர் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இஞ்சினியராக இருந்தவர். அலுவலக ஜீப்பும் அதற்கென்று ஒரு சாரதியும் இருந்ததால் ஸ்டீயரிங்கைத் தொடவேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தபோது, அவருடைய படிப்பை யாரும் மதிக்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைதான் கிடைத்தது. எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை முதலே கிடைத்துவிட்டது. விடியற்காலை வேலைக்கு ரயில் ஒத்துவரவில்லை. அதனால் கார் ஓட்டப் பழகினேன், சோதனையில் பாஸ் பண்ணினேன், என் சம்பளத்தில் ஒரு கார் வாங்கினேன். மூன்றையும் ஒரே வருடத்தில் செய்தேன் என்பதில் எனக்கு இன்னும் பெருமைதான்.

அதை விற்றவர் ஸ்ட்ராத்ஃபீல்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற வெள்ளைக்கார நர்ஸ். தோடம்பழ ஆரஞ்சு நிறத்தில் ஒரு மினி. முன்சில்லுக்குப் பின்னால் வட்டமாக ஒரு கங்காருப் படம் ஒட்டியிருந்தது. என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அணைக்கட்டைப் பார்வையிட வந்தவர்போலக் காரைச் சுற்றிவந்தார். அந்தப் பெண்மணி அவரை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். கார் யாருடையது என்று சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர். இரண்டாவது ஆள் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

மினியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. ஒருமுறை ஏறி இருந்தவர்கள் பிறகு சிரிப்பதில்லை. இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் யோசித்துச் செய்த கார் அது. எஞ்சினை நீளவாக்கில் வைக்காமல் குறுக்கே திருப்பி வைத்தார்கள். கியர்பெட்டியை அதற்கு அடியிலேயே செருகினார்கள். சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பரைப் போட்டார்கள். சின்னஞ்சிறிய சில்லுகளை நாலு மூலைக்கும் தள்ளினார்கள். மிச்சம் வந்த இடமெல்லாம் மனிதருக்கு. வெளியே பார்த்தால் தீப்பெட்டி. உள்ளே நாங்கள் இரண்டு பேரும், மாமியாரும், கோயிலுக்குக் கொண்டுபோகும் பொங்கல் சட்டியும் தாராளமாக இருந்தோம். ஐரோப்பாவின் பனிமலைப் பந்தயங்களில் பெரிய பெரிய கார்களை இந்தத் தீப்பெட்டி தோற்கடித்திருக்கிறது. இன்று ரோட்டில் ஓடும் சின்னக் கார்களில் ஒன்றின் பொனெட்டைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் எஞ்சின் குறுக்கேதான் இருக்கும். யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதை ஓட்டுவது ஒரு தனிச் சந்தோஷம். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பவேண்டியதில்லை, திரும்ப நினைத்தாலே போதும். பெட்ரோல் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் கிட்ட வந்து, தங்கள் அம்மாவிடமும் இப்படி ஒன்று இருந்தது என்று கதை சொல்வார்கள். "இங்கிலாந்துக் காரா?" என்று கேட்டால் எனக்குக் குஷி வந்துவிடும். "இல்லை, இங்கேதான், சிட்னி ஸெட்லண்டில் செய்தது. வெளிநாட்டிலிருந்து வந்தது நான்தான்" என்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, "உங்கள் கணவரின் காரா?" என்று கேட்பார்கள். குஷி அங்கேயே இறங்கிவிடும்.

இந்தக் குழப்பம் தொடங்கியது முதல் பூசையில். அப்போது மேய்ஸ் ஹில்லில் முருகன் கோயில் இல்லை. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில்தான் வெள்ளிக்கிழமைப் பூசை. அதன் வாசலில் புதுக் காரை நிறுத்தி, பொனெட்டில் சந்தனம் வைத்து, நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தார்கள். "ஆற்ற பேருக்கு அர்ச்சனை? நட்சத்திரம் என்ன?" என்று ஐயர் கேட்டார். நான் வாய் திறக்க முன்னமே என் கணவர் தன் பெயரையும் உத்தர நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டார்.

ஏன் அவசரப்பட்டார் என்று எனக்குத் தெரியும். என் நட்சத்திரம் ஆயிலியம். ஆயிலியப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் கல்யாணப் பேச்சிலேயே பெரிய இழுபறி நடந்தது. மாமியார் பிறகு சிட்னிக்கே வந்து, என் கையால் சாப்பிட்டு, என் காரில் கோயிலுக்குப் போய்வந்து, பழுத்த கிழவியாகித்தான் கண்ணை மூடினார். ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த நட்சத்திரத்தை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை. பிறந்தநாளோ பொங்கலோ, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவருடைய உத்தரமே போதும் என்று ஆகிவிட்டது. அன்று அர்ச்சனை முடிந்ததும் ஐயர் அவரைப் பார்த்து, "ஏறுங்கோ, தேசிக்காய்க்கு மேலால எடுங்கோ" என்றார். அவர் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார். காரை எடுத்தது நான்.

அப்போது நான் பேசாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. பகல் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வரும் மனிதருக்கு, ஊரவர் முன்னால் நிமிர்ந்து நிற்க ஏதாவது ஒன்று வேண்டும். அது என் காராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். சேலையில் பை இல்லை என்று சாவியை அவரிடம் கொடுப்பேன். அவர் அதை விரலில் சுழற்றியபடி வாசலில் நின்று கதைப்பார். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சில வருடங்களில் அவருக்கு நகரசபையின் வடிகால் பிரிவில் நல்ல உத்தியோகம் கிடைத்தது. மனிதர் தலை நிமிர்ந்துவிட்டார். கார் மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை.

அதைக் கட்டிக்காத்தது முழுக்க நான். மினிக்கு ஒரேயொரு பொல்லாத குறை உண்டு. எஞ்சின் குறுக்கே இருப்பதால், எஞ்சினுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிடும். நல்ல மழையில் தண்ணீர் அடித்தால் எஞ்சின் செத்துவிடும். அப்படித்தான் ஒருநாள் பரமட்டா ரோட்டின் நடுவில் நின்றுவிட்டது. என் கணவர் குடை பிடித்தார். நான் பொனெட்டுக்குள் தலையை விட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். பின்னால் நின்றவர்கள் அடித்த ஹோர்ன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வாரமே குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்த ரப்பர் கையுறையைப் பார்த்தேன். ஐந்து விரல். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலிருந்து போகும் வயர்களும் ஐந்து: நாலு சிலிண்டருக்கு நாலு, மின்சாரம் தரும் காயிலுக்கு ஒன்று. கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரலுக்குள்ளாலும் ஒரு வயரை இழுத்து, மீதியை மூடிக்கு மேல் இறுக்கிப் போர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு என் மினி எந்த மழையிலும் நின்றதில்லை. நானே கண்டுபிடித்தேன் என்ற பெருமையில் பல வருடம் மிதந்தேன். பிறகு மினிக்காரர் சங்கத்தில் ஒரு கிழவர், "அது உலகம் முழுக்கச் செய்கிறதுதானே" என்றார். ஒரு கிழமை, ஏழு நாளும், எனக்கு அவர்மேல் கோபம்.

ஊரவர்கள் வசதிக்கு ஏற்றபடி கார் மாற்றினார்கள். மினியின் பெயரையே ஜெர்மன்காரர் வாங்கி, புது மினி என்று கொழுத்த கார் ஒன்றை விடத் தொடங்கினார்கள். "இனியாவது இதை விக்கலாமே?" என்று எல்லோரும் கேட்டார்கள், என்னிடம் இல்லை, அவரிடம். அவரும் ஏதோ தன் பிடிவாதம்போல, "சீச்சீ, இதை விக்கிறேல்லை" என்பார்.

பொறுமை எல்லை கடந்தது மேய்ஸ் ஹில் கோயிலில்தான். எங்களோடு வெள்ளிக்கிழமைகளில் பூமாலை கட்டும் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட இளையவள், நல்லவள், ஆனால் நாக்குக்குப் பூட்டுக் கிடையாது. ஒருநாள் மாலையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணைக்கு எவ்வளவு பெரிய மனம் அக்கா. தன்ர காரை இப்பிடி உங்களிட்டக் குடுத்திட்டுப் பக்கத்தில பேசாமல் இருக்கிறார். என்ர மனிசன் எண்டா தொடவும் விடார்."

என் கையில் இருந்த நார் அறுந்தது. திரும்பி வரும் வழியில் அவரிடம் கேட்டேன். "நீங்கள் ஏனப்பா ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை?"

"சனம் அப்பிடி நினைச்சா நான் என்ன செய்யிறது?"

"நினைக்க விட்டது ஆர்?"

அவர் வீடு வரும்வரை ரோட்டோர வடிகால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் மினிக்காரர் சங்கத்தின் காட்சிக்கு நான் காரைக் கொண்டுபோனேன். அங்கே பளபளப்புக்குப் பரிசு உண்டு, வேகத்துக்குப் பரிசு உண்டு. அவை எனக்கு வேண்டாம். நெடுங்காலம் ஒரே சொந்தக்காரரிடம் இருந்த காருக்கு ஒரு கிண்ணம் இருந்தது. எனக்கு அதுதான் வேண்டும். கார் என்னுடையது என்று வேறு யாராவது சொல்லிக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. எனக்குப் போட்டியாக இருந்தவர் தன் காரைத் தம்பிக்கு விற்றுத் திரும்ப வாங்கியவர் என்று தெரியவந்ததால் கிண்ணம் எங்கள் பக்கம் வந்தது. நடுவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேரே என் கணவரிடம் போய்க் கையை நீட்டினார்.

பழக்கதோஷம், அவரும் கையைக் கொடுத்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். "மன்னிக்கவேண்டும், இது என் மனைவியின் கார். நான் வெறும் பயணி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நடுவர் சிவந்துபோய் என்னிடம் கிண்ணத்தைத் தந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மைதானத்தை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். அவர் பக்கத்தில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

வீட்டுக்கு வரும்போது, "இப்ப சந்தோஷமோ?" என்று கேட்டார்.

"அரைவாசி" என்றேன். "எங்களைத் தெரியாத வெள்ளைக்காரருக்கு முன்னால ஆரும் சொல்லலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை, கிண்ணம் கிடைத்ததற்காகக் காருக்கு ஒரு அர்ச்சனை செய்விக்க மேய்ஸ் ஹில்லுக்குப் போனோம். கார் நிறுத்துமிடத்தில் ஐயர் தீபத்தட்டோடு வந்தார். தெரிந்த சனம் சுற்றி நின்றது. பூமாலைக்காரி தானே கட்டிய மாலையைப் பொனெட்டில் போட்டுவிட்டு, "அண்ணையின்ர காருக்குக் கப் கிடைச்சதாம்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐயருக்கு எங்கள் வீட்டு விபரம் மனப்பாடம். கேட்கவேயில்லை, கண்ணை மூடி, உத்தரம் என்று தொடங்கிவிட்டார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றார் என் கணவர்.

ஐயர் கண்ணைத் திறந்தார்.

"கார் என்ர இல்லை. இவவின்ர. வாங்கின நாள் தொடக்கம் இவவின்ர. இவ்வளவு காலமும் நான்தான் சொல்லாமல் விட்டனான். இவவின்ர பேருக்குச் செய்யுங்கோ."

பூமாலைக்காரியின் வாய் திறந்தபடி நின்றது. ஐயர் என்னைப் பார்த்து, "அம்மாவின்ர நட்சத்திரம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அத்தனை வருடம் வெளியே சொல்லாத ஒன்றைச் சபை நடுவில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"ஆயிலியம்" என்றார் அவர். கார் நிறுத்துமிடத்தின் அந்தக் கோடிவரைக்கும் கேட்டிருக்கும்.

என் பெயருக்கும் என் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை நடந்தது. நான் அழுதேன். கற்பூரப் புகை என்று யாருக்கும் பொய் சொல்லவில்லை, அழுதேன், அவ்வளவுதான். ஐயர் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார். என் கணவர் வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்து, எல்லோரும் பார்க்க என் கையில் வைத்தார்.

"இந்தாரும், உம்மட சாவி."

மறுபக்கம் போய் ஏறி, கதவைச் சாத்தினார். நான் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது.

"மெல்லமா எடும்" என்றார்.

"என்ர கார்" என்றேன். "எனக்குத் தெரியும்."