ஒரு கடிகூட வாங்காமல்

மூன்று வருடங்களாக எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்கு முன்பே ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். டில்லி லக்ஷ்மிபாய் நகரில் அரசுக் குடியிருப்பு. பின்பக்கம் வேப்ப மரமும் அதை ஒட்டி ஒரு சாக்கடையும். எனக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய பிறகு என் கணவர் போட்ட சட்டம் அது. ஜன்னலுக்கு வலை, கதவுக்கு வலை, கட்டிலுக்கு வலை. அலுவலகத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால் மறுநாள் காலையில்தான் வெளியே. மாலை நடை போயிற்று. பூங்காவில் அரட்டை போயிற்று. துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போவதென்றாலும் அவர்தான் போவார்.

அன்புதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த ஒன்பது நாளும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிய மனிதர். ஆனால் கொசு என்னைக் கடித்தது ஒரு தடவை. அதைக் காட்டி என்னை உள்ளே வைத்தது மூன்று வருடம். இரண்டில் எது பெரிய கடி என்று எனக்குச் சில நாள் சந்தேகமே வந்துவிடும்.

போன மார்ச்சில் ஒருத்தி என்னைக் காட்டுக்குக் கூப்பிட்டாள். நாகர்கோவில் பெண், குருகிராமில் கணினி நிறுவனத்தில் வேலை. சென்னையிலிருந்து வரும் ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து பழக்கமானவள். முப்பது வயதுதான் இருக்கும். சனி ஞாயிறு வந்தால் முதுகில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆரவல்லிக் குன்றுகளில், அவளுடன் வேலை பார்ப்பவரின் ஊருக்குச் சொந்தமான பொதுக் காடு, ஊர்ப் பெரியவரிடம் சொல்லியாயிற்று, ஒரே ஒரு ராத்திரி என்றாள். "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா? பிளேட்லெட் எங்க போய் நின்னுதுன்னு மறந்துபோச்சா?" என்றார் அவர்.

"மறக்கல. நீங்க மறக்க விட்டாத்தானே."

"வேணாம். காடெல்லாம் உனக்கு ஒத்துக்காது."

"பதினாறு வருஷமா மாலை போட்டுக்கிட்டு பெருவழியில நடக்கிறீங்க. காட்டுலதானே படுத்து எழுந்திரிச்சு வரீங்க?"

"அது சாமி காரியம்."

"சாமி காரியம்னு அந்த ஊர்க் கொசுவுக்குத் தெரியுமா?"

அவர் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினார். கழுவி முடித்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: "போ. ஆனா ஒரு கடிகூட வாங்காம வரணும். ஒண்ணு வாங்கினாலும் அதோட சரி. அப்புறம் வெளியில போறேன், வாக்கிங் போறேன்னு பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி" என்றேன். கோபத்தில் சொன்ன சரி. காட்டில் ஒரு கடிகூட வாங்காமல் ஒரு ராத்திரி என்றால் என்ன என்பதை யோசித்திருந்தால் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்திருக்காது. இப்போது திரும்ப வாங்க முடியுமா?

நான் தயாரானதைப் பார்த்திருந்தால் சிரிப்பீர்கள். கொசுக் களிம்பு இரண்டு குழாய், வேப்பெண்ணெய் ஒரு சீசா, முழங்கால் வரை காலுறை. அவற்றோடு அவர் மாலை போட்டு உடுத்திய பழைய சட்டை, முழுக்கை வைத்த கறுப்புச் சட்டை. சாயம் மங்கிவிட்டதென்று போன வருடம் ஒதுக்கிவைத்திருந்தார். கேட்காமல் எடுத்துக்கொண்டேன். எனக்குக் காடு என்றால் அவர் சொன்ன காடுதான். வருடா வருடம் தை மாதம் அவர் திரும்பி வந்து சொல்வதைத்தான் கேட்டிருக்கிறேன்: கறுப்பு உடுப்பு, தலைக்கு மேல் மரம், பக்கத்தில் தண்ணீர். இந்த மூன்றும் இருந்தால் காட்டில் எந்தக் குறையும் வராது என்பது என் கணக்கு.

குருகிராமின் உயரமான கட்டடங்களைத் தாண்டி ஒரு மணி நேரம். ஊரோரம் காரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நடந்தோம். வழியெல்லாம் சீமைக் கருவேலம். முள் சல்வாரை இழுத்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களை நிறுத்தி, இங்கேயா தூங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். "மச்சர் கா ஜாயேங்கே, பெஹன்ஜி" என்றார். கொசு தின்றுவிடுமாம்.

"கானே தோ, பையா" என்றேன். தின்னட்டும். மூன்று வருடத்தில் நான் ஓர் அந்நியரிடம் சொன்ன முதல் வீராப்பு அது.

கூடாரம் அடிக்கும் இடத்தில்தான் தகராறு. அந்தப் பெண் மேலே மொட்டைப் பாறையைக் காட்டினாள். நான் கீழே, ஒரு பெரிய மரத்தடியில், மழைநீர் தேங்கிய குட்டைக்கு அருகில் நின்றுகொண்டேன்.

"அக்கா, தண்ணி பக்கத்துல வேண்டாம்."

"எனக்குத் தெரியும். பம்பைக் கரையில இப்படித்தான் படுப்பாங்க."

அவள் என் வயதுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டாள். மரியாதை கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

வெயில் மஞ்சளானபோது ஆரம்பித்தது. முதலில் தலைக்கு மேல் ஒரு சின்னத் தூண் மாதிரி சுழன்றன. டில்லியில் மார்ச் மாத சாயங்காலத்தில் எல்லார் தலைக்கு மேலும் சுழல்வதுதானே என்று கையை வீசினேன். பிறகு ஒரேயடியாக இறங்கின. மணிக்கட்டில், காதுமடலில், கழுத்தில், சட்டைக்கு மேலாகவே தோள்பட்டையில். தடவியிருந்த களிம்பு நடந்து வந்த வேர்வையில் வழிந்துவிட்டது; சட்டைத் துணிக்கு மேல் தடவவே இல்லை. அந்த இடமெல்லாம் அவற்றுக்கு விருந்து. நான் கையையும் காலையும் உதறிக்கொண்டு ஆடுகிறேன். நான்கடி தள்ளி அந்தப் பெண் வெளிர் காக்கி உடுப்பில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். அவள்மேல் ஒன்றிரண்டு கூட உட்காரவில்லை.

"அக்கா, கறுப்பு போட்டிருக்கீங்களே" என்றாள் மெதுவாக. "கொசுவுக்குக் கறுப்புன்னா தேடி வரும். அதுலயும் குட்டைக்குப் பக்கத்துல."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சட்டை அண்ணனோடதுன்னு சொன்னீங்க. சாமிக்குப் போட்டது. எப்படிச் சொல்றது?"

கால் மணி நேரத்தில் பந்தயம் முடிந்துவிட்டது. ஒரு கடிகூட என்றவருக்கு என் இடது முன்கையில் மட்டுமே பதில் இருந்தது, வரிசையாக. எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. கொசுமேல் கோபம், அவர்மேல் கோபம், பதினாறு வருடம் அடுத்தவர் கண்ணால் காட்டைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரியும் என்று நின்ற என்மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். வேப்பிலை போட்டுப் புகை மூட்டலாமா என்று கேட்டேன். சருகு காய்ந்து கிடக்கிறது, ஒரு பொறி பறந்தால் குன்றே எரியும், நெருப்புப் பேச்சே கூடாது என்றாள்.

"திரும்பிடலாமா அக்கா? இருட்டறதுக்குள்ள காருக்குப் போயிடலாம்."

"எதுக்கு? ஒரு கடிக்கும் ஒண்ணுதான், நூறு கடிக்கும் ஒண்ணுதான். தோத்தாச்சு. இனிமே யாருக்குப் பயப்படணும்?"

கூடாரத்தைப் பிடுங்கினோம். இந்தத் தடவை அவள் சொன்ன பாறைக்கே தூக்கிக்கொண்டு ஏறினோம். அவளுடைய மாற்றுக் குர்த்தா, சந்தன நிறம், எனக்குத் தோளில் இறுக்கம், போட்டுக்கொண்டேன். மேலே காற்று நன்றாக அடித்தது. அந்தக் காற்றில் கொசுவால் நிலையாகப் பறக்க முடியவில்லை. வந்த ஒன்றிரண்டும் தடுமாறி எங்கேயோ போயின.

அவள் கூடாரத்துக்குள் போகச் சொன்னாள். நான் போகவில்லை. பாறையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். கீழே மயில் அகவியது. ஆடுகள் ஊருக்குத் திரும்பும் மணிச்சத்தம் கேட்டது. வானம் சிவந்து, சாம்பலாகி, ஒவ்வொரு மரமாக மறைந்தது. பொழுது எப்படிப் போகிறது என்பதையே நான் மூன்று வருடமாகப் பார்க்கவில்லை. கடித்த இடமெல்லாம் தீயாக எரிகிறது, அரிக்கிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. சந்தோஷத்தில்தான் அழுதேன். அந்தப் பெண் பார்க்காத மாதிரி ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினாள்.

காலையில் என் முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. காலுறையின் விளிம்புக்கு மேலே, மரத்தடியில் உட்கார்ந்தபோது ஏறியிருக்க வேண்டும். அவள் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்தாள். எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணன் கேட்டா என்ன சொல்லப் போறீங்க? முழுக்கை போட்டுக்கோங்க. நாலு நாள்ல வாடிடும்."

நான் யோசித்தேன். பொய் சொன்னால் ஜெயித்துவிடலாம். ஆனால் அப்புறம் ஒவ்வொரு தடவையும் கையை மறைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

வழியிலேயே குர்த்தாவின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டேன். கதவைத் திறந்தவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கைகளை. கழுத்தைப் பார்க்க விளக்கைப் போட்டார். நான் வேண்டுமென்றே திரும்பி நின்று பின்கழுத்தையும் காட்டினேன். உண்ணி கடித்த இடத்தையும் காட்டினேன். எதையும் விடவில்லை.

"நான் என்ன சொன்னேன்?" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"சொன்னீங்க. நானும் சரின்னேன். தப்பா சொல்லிட்டேன். அந்தச் சரியை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"காய்ச்சல் வந்தா?"

"வந்தா டாக்டர்கிட்ட போகலாம். வரக்கூடாதுன்னே மூணு வருஷம் நோயாளியா இருந்தாச்சு. அடுத்த மாசமும் போறேன். இன்னிக்கு சாயங்காலம் பார்க்ல நடக்கப் போறேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் முன்கையை மடிமேல் இழுத்துவைத்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வரை விட்டேன்.

"ஏங்க," என்றேன், "வருஷா வருஷம் தை மாசம் முதுகு பூரா தடிச்சு வந்து நிப்பீங்களே, நான் எண்ணெய் தடவினேன். ஒரு தடவையாவது எண்ணினேனா?"

அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது.